கடைசியில் தொட வேண்டியது கார்புரேட்டர்

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது அந்தப் பட்டறை. பெயர்ப் பலகை கிடையாது. வாசலில் நிற்கும் புல்லட்டும் ஜாவாவும் ஆர்.எக்ஸ். 100-உம்தான் விலாசம். நான் போனபோது மேஸ்திரி ஒரு ராஜ்தூத் 350-க்கு முன்னால் குட்டை ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

யமஹாவின் ஆர்.டி. 350-ஐத்தான் இங்கே எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983-இல் ராஜ்தூத் 350 என்ற பெயரில் கொண்டுவந்தது. 347 சி.சி., இரட்டை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். பெட்ரோலைக் குடிக்கிறது என்று அன்று பலரும் ஒதுங்கிப் போனார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் உற்பத்தியும் படுத்துவிட்டது. இன்று அதை வைத்திருப்பவர் விற்க மாட்டார். சிலிண்டருக்கு ஒன்று வீதம் இரண்டு கார்புரேட்டர் என்பதால் சரிசெய்கிறவருக்கு வேலையும் இரட்டிப்பு.

"ஸ்லோ நிக்க மாட்டேங்குது, முறுக்கினா திணறுது. ரெண்டு கார்ப்பரேட்டரையும் மாத்திடுங்கண்ணே" என்றார் வண்டிக்காரர்.

மேஸ்திரி பதில் சொல்லவில்லை. இரண்டு பிளக்குகளையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இடது பிளக் காபிப்பொடி நிறத்தில் இருந்தது. அதுதான் சரியான நிறம். வலது வெளிறிக் கிடந்தது. அந்தப் பக்கம் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். டூ ஸ்ட்ரோக்கில் இதோடு வேகமாக ஓட்டினால் சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

பிளக்குகளை மாட்டி வண்டியைக் கிளப்பினார். கார்புரேட்டரை சிலிண்டரோடு இணைக்கும் ரப்பரின் மேல் கிளீனர் ஸ்பிரேயைக் கொஞ்சம் அடித்தார். இடப்பக்கம் சத்தத்தில் மாற்றமில்லை. வலப்பக்கம் அடித்ததும் எஞ்சின் குரல் மாறியது. ரப்பரில் வெடிப்பு.

"இதுக்கு முன்னாடி யாரோ ஜெட்டு மாத்தியிருக்காங்க சார். ஓட்டை ரப்பர்ல இருக்குது."

கார்புரேட்டர் கோளாறு என்று வரும் வண்டிகளில் பாதிக்குக் கார்புரேட்டரில் கோளாறே இருக்காது என்பது அவர் கணக்கு. காற்றுக் கசிவு, தேய்ந்த பாயிண்ட், தப்பிய டைமிங், போன கிராங்க் சீல் எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகே ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுக்கிறார்.

எடுத்த பிறகும் அவசரமில்லை. முதலில் மிதவையின் உயரம். பிறகு ஜெட்டுகளைப் பெட்ரோலில் ஊறவைத்துக் காற்றடித்துச் சுத்தம் செய்தார். கம்பி விட்டுக் குத்துவது அங்கே பெருங்குற்றம். பித்தளை ஜெட்டை இரும்புக் கம்பி அகலப்படுத்திவிட்டால், மேலே பொறித்த எண்ணுக்கும் துளைக்கும் சம்பந்தமில்லாமல் போகும். ஆக்சிலேட்டர் கைப்பிடியில் டேப் ஒட்டிக் கால், அரை, முக்கால் என்று கோடு போட்டிருந்தார். தொடக்கத்தில் திணறினால் ஸ்லோ ஜெட்டும் ஏர் ஸ்குரூவும், நடுவில் என்றால் ஊசி, முக்காலுக்கு மேல் என்றால் மெயின் ஜெட். ஊசியில் கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கினால் ஊசி உயரும், பெட்ரோல் கூடும்.

அடுத்தது இரண்டு கார்புரேட்டரையும் ஒன்றாக இயங்கவைக்கும் வேலை. ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, இரு கார்புரேட்டர் வாய்க்குள்ளும் விரல் விட்டு ஸ்லைடுகளைத் தொட்டுக்கொண்டார். பட்டறைப் பையன் கைப்பிடியை மயிரிழை அளவு திருகினான். இரண்டு ஸ்லைடும் ஒரே நொடியில் எழும் வரை ஒயர் அட்ஜஸ்டரைத் திருகிக்கொண்டே இருந்தார். கிளப்பிவிட்டு, இரண்டு சைலன்ஸருக்கும் பின்னால் உள்ளங்கைகளை வைத்து அழுத்தத்தை ஒப்பிட்டார். ஒயரைத் தொட்டால் ஆயில் பம்பின் குறியையும் சரிபார்க்க வேண்டும். அந்தப் பம்பையும் அதே ஆக்சிலேட்டர்தான் இழுக்கிறது. பல பட்டறைகளில் இதை விட்டுவிடுகிறார்கள்.

இப்போது பங்க்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் பழைய ஜெட் அளவில் கலவை மெலிந்துவிடுகிறது. அந்தக் காலத்து ரப்பர்களுக்கும் அது ஆகாது. கம்பெனி புத்தகத்து அளவை அப்படியே வைத்தால் போதும் என்று வாதிடுபவர்கள் இதை யோசிப்பதில்லை.

காலையில் தொடங்கிய வேலை மதியச் சாப்பாட்டைத் தாண்டியது. ரப்பருக்கான காசை வண்டிக்காரர் உடனே எடுத்து வைத்தார். கூலியில்தான் பேரம் பேசினார். "ஒரு ரப்பர்தானே மாத்தினீங்க?" எனக்குக் கோபமே வந்தது. பொருளுக்குக் கொடுக்கிறோம், கண்டுபிடித்ததற்குக் கொடுப்பதில்லை. இளைஞர்கள் இந்தத் தொழிலுக்கு வராததற்கு ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனை மட்டும் குறை சொல்ல முடியாது. 2020-இல் பி.எஸ். 6 புகை விதி வந்தபின் புதிய வண்டிகளில் கார்புரேட்டர் ஏறக்குறைய இல்லை. பழைய வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். கழற்றிய பழைய ஜெட், ஊசி, ஸ்லைடு எதையும் பட்டறையில் விட்டு வராதீர்கள். கேட்டு வாங்கி எண்ணைக் குறித்து வையுங்கள். டியூனிங் கூலியில் பேரம் பேசாதீர்கள்.