பாட்டியின் முதல் இல்லம்

வானொலியில் வேலை செய்பவர்களுக்கு மௌனம் ஆகாது. மூன்று விநாடி சத்தம் நின்றாலே கட்டுப்பாட்டு அறையிலிருந்து கண்ணாடியைத் தட்டுவார்கள். ஊடகக் கல்வி படித்த மூன்று ஆண்டுகளிலும், வேலைக்கு வந்த பிறகும் எனக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்த பாடம் இது. அன்று காலை நான் ஏழு விநாடி பேசாமல் இருந்தேன். பிறகு ஒரு பாட்டைப் போட்டு மறைத்துக்கொண்டேன்.

அன்றைய தலைப்பு, 'ஓய்வுக்குப் பிறகு எங்கே?' என்பது. 'மலேசியா எனது இரண்டாவது இல்லம்' திட்டத்திற்கு விண்ணப்பிக்க உதவும் முகவர் ஒருவரை அழைத்திருந்தோம். நன்றாகப் பேசினார். 1996-இல் 'வெள்ளி முடி' திட்டம் என்ற பெயரில், வயதான வெளிநாட்டவருக்காக இது தொடங்கியது, 2002-இல் இப்போதைய பெயரைப் பெற்றது என்று ஆரம்பித்து, கணக்கு வழக்கெல்லாம் புட்டுப் புட்டு வைத்தார்.

முன்பு மாதம் 10,000 வெள்ளி வருமானம் காட்டினால் பத்தாண்டு விசா கிடைத்தது. 2020-இல் திட்டத்தை நிறுத்தினார்கள். 2021-இல் திரும்பி வந்தபோது மாத வருமானம் 40,000 வெள்ளி, நிரந்தர வைப்புத்தொகை 10 லட்சம் வெள்ளி என்று ஏற்றிவிட்டார்கள். ஜொகூர் சுல்தானே அதைக் குறை சொல்லும் அளவுக்குப் பேச்சு எழுந்தது. 2024-இல் மறுபடி மாற்றி வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று தரம் பிரித்தார்கள். வெள்ளிப் பிரிவுக்கு 150,000 அமெரிக்க டாலர் வைப்புத்தொகை, ஐந்தாண்டு விசா. பிளாட்டினத்திற்கு 10 லட்சம் டாலர், இருபதாண்டு விசா. அதோடு வீடும் வாங்க வேண்டும். வெள்ளிப் பிரிவில் வருபவர் வாங்கும் வீடு குறைந்தது 6 லட்சம் வெள்ளி விலையில் இருக்க வேண்டும்.

"ஆக, காசு இருந்தால் நம் நாடு யாருக்கும் இரண்டாவது வீடு!" என்று சொல்லிச் சிரித்தேன். அப்போதுதான் அந்த அழைப்பு வந்தது. தஞ்சோங் காராங்கிலிருந்து ஓர் அண்ணன்.

"தங்கச்சி, ஒரே ஒரு சந்தேகம். எங்க அம்மா சிவப்பு ஐ.சி. எழுபது வருசமா இங்கதான் இருக்காங்க. வெளிநாட்டுக்காரங்களுக்கு இது ரெண்டாவது வீடுன்னா, எங்க அம்மாவுக்கு இது எத்தனாவது வீடு?"

அவர் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை, ஏனென்றால் என் பாட்டியின் அடையாளக் கார்டும் சிவப்புதான். பதினோர் ஆண்டுகளாக மைக் முன்னால் உட்கார்ந்து ஊர்க்கதையெல்லாம் பேசியிருக்கிறேன். இதை ஒருநாளும் பேசியதில்லை.

அந்த சனிக்கிழமை லாத்தார் நெடுஞ்சாலையைப் பிடித்து, ஈஜோக் வழியாகப் புக்கிட் ரோத்தானுக்குப் போனேன். பாட்டி மாமா வீட்டில் இருக்கிறார். மலிவு விலைத் தாமான் வீடு. பாட்டி பால் மரம் வெட்டிய தோட்டம் அங்கிருந்து பத்து நிமிடம்தான். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பிறகு லயங்கள் போயின. மாரியம்மன் கோயிலும், கோயிலுக்குப் பின்னால் ஒரு பலா மரமும் மட்டும் மிச்சம்.

எங்கள் பக்கத்து மண்ணுக்கு ஒரு பெருமை உண்டு. இந்த நாட்டில் செம்பனையை வணிகப் பயிராக முதலில் நட்டது பத்தாங் பெர்ஜுந்தைத் தோட்டம் ஒன்றில்தான். இன்றைய பெஸ்தாரி ஜெயா அது. ஆண்டு 1917. நட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். தோட்டத்தின் பெயர் தென்னமரம். ஆங்கிலத்தில் அப்படித்தான் எழுதுவார்கள். நம் தமிழ்ச் சொல்லேதான். அவர் மலாயா வாழ்வை வைத்து எழுதிய நாவலுக்கு 1930-இல் பிரான்சின் புகழ்பெற்ற கோன்கூர் பரிசு கிடைத்தது. சிலாங்கூர் ஆற்றங்கரையில் வீடு கட்டி வாழ்ந்தவர், பிறகு போய்விட்டார். வைப்புத்தொகை இல்லாத காலத்து 'இரண்டாவது இல்லம்' அது. அவர் நட்ட மரத்தைப் பார்த்துக்கொண்டவர்கள் இங்கேயே இருந்துவிட்டார்கள்.

பாட்டி நான்கு வயதில் அப்பா அம்மாவோடு கப்பலில் வந்தவர். 1948. கிள்ளானில் இறங்கி லாரியில் தோட்டத்திற்கு வந்தது மங்கலாக நினைவிருக்கிறதாம். 1957-இல் சுதந்திரம் கிடைத்தபோது பாட்டிக்குப் பதின்மூன்று வயது. குடியுரிமைக்கு மனு எழுதித் தர ஆட்கள் தோட்டம் தோட்டமாக வந்தார்கள். பாட்டியின் அப்பா மனு கொடுக்கவில்லை.

"ரெண்டு வருசத்துல ஊருக்குப் போயிடுவோம், நமக்கெதுக்கு இதெல்லாம்னு சொல்லிட்டாரு. ரெண்டு வருசம் ரெண்டு வருசம்னே சொல்லிக்கிட்டு இருந்தவரு, இங்கேயே செத்துப் போனாரு" என்றார் பாட்டி.

பாட்டியின் குடும்பம் பிரிந்தது 1969-இல். மே 13 கலவரத்திற்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் எடுக்க வேண்டும் என்ற விதி கடுமையாக நடைமுறைக்கு வந்தது. அதற்கான சட்டம் முந்தைய ஆண்டே வந்திருந்தது. பெர்மிட் கிடைக்காத தோட்டப் பாட்டாளிகள் ஆயிரக்கணக்கில் தமிழ்நாட்டுக்குக் கப்பலேறினார்கள். பாட்டிக்குப் பெர்மிட் கிடைத்தது. பாட்டியின் அண்ணனுக்குக் கிடைக்கவில்லை. அவர் மனைவி, மூன்று பிள்ளைகளோடு ரஜூலா கப்பலில் போனார். அந்தப் பிள்ளைகள் மூவரும் இங்கே பிறந்தவர்கள்.

அண்ணன் நாமக்கல் பக்கம் குடியேறினார். முதலில் கடிதம், பிறகு பண்டிகைக்குப் பண்டிகை தொலைபேசி. 2009-இல் அவர் படுத்த படுக்கையானார். "ஒருதரம் வந்து முகத்தைக் காட்டிட்டுப் போ பாப்பா" என்றாராம். அறுபத்தைந்து வயதிலும் பாட்டி அவருக்குப் பாப்பாதான்.

போக முடியவில்லை. குடியுரிமை இல்லாததால் மலேசியக் கடப்பிதழ் கிடையாது. அப்பா காலத்து இந்தியக் கடப்பிதழ் லயத்துக் கூரை ஒழுகிய ஏதோ ஒரு மழையில் நைந்து போயிருந்தது. சிவப்புக் கார்டுக்காரர்கள் பயணம் செய்யத் தனிப் பத்திரம் உண்டு. திரும்பி வருவதற்கும் அனுமதி எடுக்க வேண்டும். மாமா அதற்காக அலைந்தார். தாள்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டிருந்தபோதே அங்கிருந்து செய்தி வந்துவிட்டது. பாட்டி அழவில்லை. அன்று மாலை குளித்துவிட்டு, வடக்குப் பார்த்து ஒரு விளக்கேற்றினார். நான் அப்போது பல்கலைக்கழகத்தில் இருந்தேன். வீட்டுக்குப் பேசினேன், பாட்டிக்கு ஆறுதல் சொன்னேன், மறுநாள் பரீட்சைக்குப் போய்விட்டேன்.

"தாத்தாவுக்குத்தான் நீலக் கார்டு ஆச்சே, அவரை வச்சு எடுத்திருக்கலாமே?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். குடிமகனின் மனைவி பதிவு பெற அரசமைப்பில் வழி உண்டு. ஆனால் பாட்டிக்குக் கோயிலில் தாலி கட்டிய கல்யாணம். 1982-க்கு முன் நடந்த அப்படிப்பட்ட கல்யாணங்கள் செல்லும்தான், என்றாலும் காட்ட ஒரு தாள் இல்லை. பத்திரம் தேட வேண்டும் என்று வீட்டில் யாருக்கும் தோன்றுவதற்குள் தாத்தா போய்ச் சேர்ந்துவிட்டார்.

பாட்டிக்காக இரண்டு முறை மனு போட்டிருக்கிறோம். முதல் மனுவுக்குப் பதிலே இல்லை. இரண்டாவது, 60 வயதைத் தாண்டிய சிவப்புக் கார்டு இந்தியர்களுக்கு வழி விடுவோம் என்று 2018-இல் அறிவிப்பு வந்த பிறகு போட்டது. நேர்முகத்திற்குக் கூப்பிட்டார்கள். மனு செய்பவருக்குப் போதிய மலாய் மொழி அறிவு வேண்டும் என்பது விதி. பாட்டி பாசாக் சேலை கட்டிக்கொண்டு போனார். ஏதோ கேட்டார்கள். பாட்டிக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "பெரட்டுக்கு லேட்டா வந்தா கிராணி முன்னாடி நிப்போமே, அந்த மாதிரி ஆயிடுச்சு" என்றார். பல மாதம் கழித்து மறுப்புக் கடிதம் வந்தது. காரணம் எழுதியிருக்கவில்லை.

அந்த சனிக்கிழமை மாலை பாட்டியைப் புக்கிட் மெலாவத்திக்கு அழைத்துப் போனேன். கலங்கரை விளக்கத்தடியில் சாம்பல் நிற லோத்தோங் குரங்குகள் மடியில் ஏறி உட்காரும் இடம். பக்கத்துப் பெஞ்சில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. எழுபது வயதிருக்கும். ஓய்வு பெற்றதும் வந்தவர்கள், அதே 'இரண்டாவது இல்லம்' விசாவில் பத்தாண்டாக இருக்கிறார்கள். இங்கிலாந்து வீட்டை விற்றாயிற்று என்றார்கள். அடுத்த ஆண்டு விசாவைப் புதுப்பிக்க வேண்டும். "விதி மாறிக்கொண்டே இருக்கிறது. ராத்திரியில் சில சமயம் தூக்கம் வருவதில்லை" என்றார் அந்த அம்மாள்.

அதுவரை எனக்குள் இருந்த எரிச்சல் அங்கே கொஞ்சம் இறங்கியது. அவர்களுக்கும் ஓட்டு இல்லை. அவர்கள் கையில் இருப்பதும் காலாவதித் தேதி போட்ட ஒரு தாள்தான். ஒன்று, அவர்கள் தெரிந்து வாங்கி வந்த தாள் அது. பாட்டியின் தாளோ, பதின்மூன்று வயதில் அவர் கையில் திணிக்கப்பட்டது.

பாட்டி தன் பையிலிருந்து முறுக்குப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். பிறகு, யாரும் எதிர்பார்க்காமல், "சுடா லாமா திங்கால் சினி?" என்று கேட்டார்.

அந்த அம்மாள் யோசித்து, "செபுலோ தாஹுன்" என்றார்.

பாட்டி சிரித்தார். "சாயா துஜோ புலோ லெபே. ஆனா சாயா பேசார் சினி, காவின் சினி. மாத்தி புன் சினி."

நடுவில் ஒரு தமிழ் 'ஆனா' விழுந்ததை அந்த அம்மாள் கவனிக்கவே இல்லை. எழுந்து வந்து பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டார். பாசிர் பெனாம்பாங்கில் நாற்பது வருடம் மீன் பேரம் பேசிப் பழகிய மலாய் அது. பயம் இல்லாத இடத்தில் தடையில்லாமல் வந்தது.

அடுத்த திங்கட்கிழமை, தயாரிப்பாளரிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்கினேன். தஞ்சோங் காராங் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, பாட்டியின் கதையைச் சொன்னேன். தொலைபேசி இணைப்புகள் எல்லாம் எரிந்தன. ஜெராம், சுங்கை பூலோ, பெஸ்தாரி ஜெயா, ரவாங். எல்லார் வீட்டிலும் ஒரு பாட்டி, ஒரு பெரியப்பா. நிறையப் பேர், "ஐ.சி. இருக்கே, அப்புறம் என்னன்னு விட்டுட்டோம்" என்றார்கள். உதவித்தொகை கேட்கும்போதும், ஓட்டுப் பட்டியலில் பெயர் தேடும்போதும், கடப்பிதழ் எடுக்கப் போகும்போதும்தான் கார்டின் நிறம் கண்ணில் படுகிறது.

அதனால் வாசகர்களே, இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டுப் பெரியவர்களின் அடையாளக் கார்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சிவப்பாக இருந்தால், பழைய தாள்களைத் தேடுங்கள். தோட்டத்துச் சம்பளச் சீட்டு, சேமநிதி அறிக்கை, தோட்டப் பள்ளிச் சான்று, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், பழைய கப்பல் சீட்டு, எதையும் தூக்கிப் போடாதீர்கள். கடந்த 12 ஆண்டுகளில் 10 ஆண்டு இங்கே வாழ்ந்திருப்பது ஒரு நிபந்தனை. அது நம் பெரியவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. மலாய் மொழிக்கு, பேரப் பிள்ளைகள் தினமும் அரைமணி நேரம் அவர்களோடு மலாயில் பேசினால் போதும். இலக்கணம் பிறகு பார்க்கலாம், முதலில் பயம் போகட்டும்.

எங்கள் வீட்டில் மூன்றாவது மனு போட்டாயிற்று. மாமா மகன் தினமும் இரவு பாட்டிக்கு நேர்முக அதிகாரியாக உட்காருகிறான். வேண்டுமென்றே முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்கிறான். பாட்டி அவனை "துவான்" என்று கூப்பிட்டு, பதில் சொல்லி முடித்ததும் தலையில் ஒரு குட்டு வைக்கிறார்.

போன வாரம் கேட்டேன். "பாட்டி, நீலக் கார்டு வந்ததும் முதல்ல என்ன செய்வீங்க?"

பாட்டிக்கு இப்போது எண்பத்தொன்று. வெற்றிலையை மடித்துக்கொண்டே யோசித்தார்.

"பாஸ்போட்டு எடுக்கணும். நாமக்கல்லுக்குப் போயி அண்ணன் படத்துக்கு ஒரு மாலை போடணும். ஒரு வாரம், அதுக்கு மேல வேணாம்." வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். "அப்புறம் வீட்டுக்குத் திரும்பி வந்துடணும்."