ஒரு பட்டனைத் தேடி கிங்ஸ்டனுக்கு!

“வாட்டர்ஹவுஸ் போகணும்” என்றதும் கிங்ஸ்டன் டாக்ஸி டிரைவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஜமைக்காவுக்கு வருகிறவர்கள் பீச்சுக்குப் போவார்கள். இல்லாவிட்டால் பாப் மார்லி மியூசியத்துக்கு. தகரவேலிச் சந்துகளுக்குள் இந்த மீசைக்காரனுக்கு என்ன ஜோலி?

ஜோலி ஒரு பட்டனோடு ஸார்!

1981-ல் கேசியோ கம்பெனி எம்டி-40 என்று ஒரு குட்டி கீபோர்டை வெளியிட்டது. பட்டனைத் தட்டினால் டிரம்மும் பேஸும் தானாக ஓடும். அதில் ‘ராக்’ என்ற தாளத்தை அமைத்தவர் ஹிரோகோ ஒகுடா. காலேஜில் ரெகே இசை பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிவிட்டு, 1980-ல் வேலைக்குச் சேர்ந்த பெண். ஆபீஸில் கொடுத்த முதல் வேலையே இதுதான். (எனக்குக் கொடுத்த முதல் வேலை, ஜெராக்ஸ் எடுத்தது!)

அப்படியொரு கீபோர்டு கிங்ஸ்டனில் நோயல் டேவி என்ற இளைஞர் கைக்கு வந்தது. அவரும் பாடகர் வெய்ன் ஸ்மித்தும் நோண்டிக்கொண்டிருந்தபோது அந்தத் தாளம் அகப்பட்டது. வாட்டர்ஹவுஸில், செயின்ட் லூசியா ரோட்டில், வீட்டிலேயே ஸ்டூடியோ வைத்திருந்த கிங் ஜாமியிடம் கொண்டுபோனார்கள். அவர் வேகத்தைக் குறைத்தார். அச்சு அசல் ரெகே நடை! ‘அண்டர் மி ஸ்லெங் டெங்’ பிறந்தது. ஜமைக்காவில் மைக்செட்காரர்கள் எதிரெதிரே ஸ்பீக்கர் அடுக்கி மோதிக்கொள்வது வழக்கம். 1985 பிப்ரவரி 23 இரவு, பிளாக் ஸ்கார்ப்பியோ செட்டோடு நடந்த மோதலில் ஜாமி இதை ஓடவிட, கூட்டம் கிறங்கிப் போனது.

அப்புறம் அதே தாளத்தின்மேல் நூற்றுக்கணக்கான பாட்டுகள். இந்த டிஜிட்டல் ரெகேக்கு ‘ரக்கா’ என்று பெயர் வந்தது. அந்த வழியில் 1990-ல் ஷபா ராங்க்ஸ் பாடிய ‘டெம் போ’வின் தாளம்தான் ரெகேடானுக்கு அஸ்திவாரம். பர்மிங்காமின் அப்பாச்சி இந்தியன் ரக்காவில் பஞ்சாபியைக் கலந்தார். ஆமாம், 1996-ல் ‘லவ் பேர்ட்ஸ்’ படத்தில் ரஹ்மான் இசையில் ‘நோ ப்ராப்ளம்’ பாடிய அதே ஆசாமி!

ஸ்டூடியோ வாசலில் நின்று இதையெல்லாம் நான் அளந்துகொண்டிருக்க, டிரைவர் குறுக்கிட்டார்.

“எங்க சித்தப்பா பேஸ் கிடார் வாசிச்சார், மேன். இந்தப் பாட்டு வந்தப்புறம் ஸ்டூடியோவிலேருந்து ஆள் வர்றது நின்னு போச்சு. கிடாரை வித்துட்டார்.”

சொரேலென்றது. நான் பி.காம். பற்று, வரவு எழுதிப் பார்த்தேன். கேசியோ ராயல்டி கேட்கவில்லை. தாளம் போட்ட பெண்ணின் பெயர் ரெக்கார்டில் கிடையாது. காசே இல்லாத பையன்களெல்லாம் பாடகர்களானார்கள். கிடார்க்காரர்கள் வீட்டுக்குப் போனார்கள். எப்படிக் கூட்டினாலும் டேலி ஆகவில்லை.

திரும்பும்போது டிரைவர் அதே பாட்டைப் போட்டார்.

“சித்தப்பா இதைக் கேட்பாரா?” என்றேன் தயங்கி.

“கேட்பாராவா? திட்டிக்கிட்டே ஆடுவார், மேன்!”