பேச்சைக் கேக்காத குழாய்கள்

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல, பொட்டி தட்டறவன். தப்பு இருந்தா விஷயம் தெரிஞ்சவங்க வந்து தலையில கொட்டலாம்.

போன வருஷம் ஆகஸ்ட். ராத்திரி பதினொன்றரை மணி. சிறுசேரியில ஆணி புடுங்கி முடிச்சுட்டு பைக்ல வந்த என் ரூம்மேட்டை ஒரு தண்ணி லாரி தட்டிட்டுப் போயிடுச்சு. நான் போறதுக்குள்ள பக்கத்து ஆஸ்பத்திரியில சேர்த்திருந்தாங்க. வெளியில ரத்தமே இல்ல. முழங்கையில சிராய்ப்பு, இடுப்புல வலின்னான். "மாப்ள, வண்டிய பூட்டிட்டியாடா?"ன்னு கேட்டான். பி.பி. 110. சரி, தப்பிச்சான்னு நினைச்சேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு மாத்தணும்னு சொன்னதும், இன்சூரன்ஸ் கார்டு எடுத்துட்டு வந்துடறேன், அப்புறம் கிளம்பலாம்னு சொல்லிட்டு ரூமுக்குப் போனேன். போய் வர 40 நிமிஷம்.

திரும்பி வந்தா பி.பி. 70.

இடுப்பெலும்பு உடைஞ்சா உள்ளுக்குள்ளேயே லிட்டர் கணக்குல ரத்தம் கசியும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சது. நம்ம உடம்புல இருக்கறதே சுமாரா 5 லிட்டர். அதுல 1 லிட்டருக்கு மேல போனாலும் சின்ன வயசுக்காரங்களுக்கு பி.பி. இறங்காம நிக்கலாம். காரணம், சின்னச் சின்னத் தமனிகளோட சுவர்ல இருக்கற தசை. ரத்தம் குறைஞ்சதும் நரம்பு முனையிலேர்ந்து நார்அட்ரினலின் வரும். அது தசைச் செல்லைத் தட்டும், கால்சியம் உள்ள பாயும், குழாய் இறுகும். தோலுக்கும் குடலுக்கும் போறதைக் குறைச்சு மூளைக்கும் இதயத்துக்கும் அனுப்பும். அந்த 110 அவன் நல்லாருக்கான்னு அர்த்தம் இல்ல, உடம்பு பல்லைக் கடிச்சுட்டு நிக்குதுன்னு அர்த்தம். அதே சீட்டுல பக்கத்துலயே நாடித்துடிப்பு 130ன்னு எழுதியிருந்தாங்க. நான் பாக்கல. பாத்திருந்தாலும் புரிஞ்சிருக்காது, அது வேற விஷயம்.

விடியக்காலை அஞ்சு மணிக்குள்ள, பெரிய ஆஸ்பத்திரியில சன்னமான டியூப் விட்டு கசியற குழாயை அடைச்சுட்டாங்க. பாட்டில் பாட்டிலா ரத்தம் ஏத்தினாங்க. எங்க டீம்லேர்ந்து ஒன்பது பேர் வந்து ரத்தம் கொடுத்தாங்க. எனக்கு இருந்தது ஓவர்ஹெட் டேங்க் அறிவு. ஓட்டைய அடைச்சாச்சு, தண்ணியும் நிரப்பியாச்சு, இனி பைப்ல வந்துதானே ஆகணும்? பி.பி. 100க்கு ஏறுச்சு. ஒரு மணி நேரத்துல மறுபடி 80. மருந்தோட வேகத்தைக் கூட்டினாங்க. ஏறல. இன்னும் கூட்டினாங்க. டியூட்டி டாக்டர், என்னைவிட சின்னப் பொண்ணா இருப்பாங்க, வெளியில வந்து சொன்னாங்க: "ரத்தம் போதுமான அளவு ஏத்தியாச்சு. குழாய்ங்கதான் மருந்து பேச்சைக் கேக்க மாட்டேங்குது."

அந்த வாக்கியம் என்னை விடவே இல்ல. ஐ.சி.யூ. வாசல்ல போனை வெச்சுக்கிட்டு தேடித் தேடிப் படிச்சேன். நம்ம பாஷையில சொன்னா மெசேஜ் க்யூல குவியுது, லிஸனர் செத்துக் கிடக்கு.

ரொம்ப நேரம் ஆக்சிஜன் இல்லாம கிடந்தா தசைச் செல்லுக்குள்ள ஏ.டி.பி. தீரும், அமிலம் கூடும். ஏ.டி.பி. இருக்கற வரைக்கும் மூடியிருக்கற ஒரு பொட்டாசியம் கதவு இருக்கு. அது தீர ஆரம்பிச்சா கதவு திறந்துக்கும். பொட்டாசியம் வெளியில ஓடும், செல்லோட மின்னழுத்தம் மாறும், கால்சியம் வாசல் திறக்காது. அப்புறம் எவ்வளவு நார்அட்ரினலின் வந்து கதவைத் தட்டினாலும் தசை இறுகாது. போதாக்குறைக்கு, இடைவிடாம தட்டு வாங்கின ரிசப்டர்கள் செல்லுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கும். இன்னொரு பக்கம் நைட்ரிக் ஆக்சைடு. 1998ல மூணு பேருக்கு நோபல் வாங்கிக் கொடுத்த அதே வாயு. குழாயைத் தளர்த்தறதுதான் அதோட வேலை. நேரம் ஆக ஆக உடம்பு அதை அளவுக்கு மீறி உற்பத்தி பண்ணும்.

1940கள்லயே அமெரிக்காவுல கார்ல் விக்கர்ஸ்னு ஒருத்தர் நாய்கள்ல இதைப் பாத்திருக்கார். ரத்தத்தை எடுத்து, பி.பி.யை ரொம்பத் தாழ்வா கொஞ்ச நேரம் வெச்சிருந்து, எடுத்த ரத்தம் மொத்தத்தையும் திருப்பி ஏத்தினார். பி.பி. ஏறுச்சு. அப்புறம் மெல்ல இறங்கி, நாய் செத்துப்போச்சு. இழந்தது அத்தனையும் திரும்ப வந்தும் பிரயோஜனம் இல்ல. எவ்வளவு போச்சுங்கறது மட்டும் கணக்கு இல்ல, எவ்வளவு நேரம் அப்படியே கிடந்துச்சுங்கறதும் கணக்கு. இதைப் படிச்சப்ப எனக்கு அந்த 40 நிமிஷம் தவிர வேற எதுவும் ஓடல.

வாசோப்ரெசின்னு இன்னொரு மருந்து சேர்த்தாங்க. அது நார்அட்ரினலின் தட்டற கதவை விட்டுட்டு வேற ரிசப்டர் வழியா வேலை செய்யுமாம். அதனாலயா, தானாவேவா, தெரியல. மூணாம் நாள் குழாய்ங்க பேச்சைக் கேக்க ஆரம்பிச்சது. சிறுநீரகம் மட்டும் அடி வாங்கி ரெண்டு வாரம் டயாலிசிஸ்.

இப்ப நடக்கறான். இடது கால் லேசா இழுக்கும். போன மாசம் டீக்கடையில, "அன்னிக்கு நடுவுல எங்கடா போன? கண்ணத் தொறந்தா ஆளக் காணோம்"னான். "டிராஃபிக்டா"ன்னேன். கார்டு ரூம்ல இல்ல. அவன் பின்பாக்கெட் பர்ஸ்லயே இருந்தது. ஆஸ்பத்திரியில துணிமணியோட பிளாஸ்டிக் பையில போட்டுக் கொடுத்தாங்க.

இந்தப் பதிவை அவனும் படிப்பான். மாப்ள, படிச்சுட்டு போன் பண்ணு.