ரத்தக் கொதிப்பும் பழரசமும்

காப்பி கூடாது என்பார்கள். ஊறுகாய் கூடாது என்பார்கள். அப்பளத்தையும் தொடாதே என்பார்கள். ஆனால் பழரசம் கூடாது என்று யாராவது சொல்லி நீங்கள் கேட்டதுண்டா? ரத்தக் கொதிப்புக்காரர்களுக்கு அதுவும் சில சமயம் வம்பு செய்யும் என்றால் நம்பக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும்.

எங்கள் ஊர் ஓசூருக்குப் பக்கத்தில் உள்ள தொரப்பள்ளி. ஆம், 1878-ல் ராஜாஜி பிறந்த அதே தொரப்பள்ளிதான். எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் ரத்தக் கொதிப்புக்கு 'அட்டெனலால்' மாத்திரை சாப்பிடுகிறவர். தினமும் காலையில் மருமகள் ஆரஞ்சுப் பழம் பிழிந்து ஒரு தம்ளர் நிறையக் கொடுப்பாள். மாத்திரை அதோடுதான் உள்ளே போகும்.

"தண்ணீரில் போட்டால் தொண்டையில் நிற்கிறது, தம்பி. ரசத்தில் போட்டால் வழுக்கிக்கொண்டு போகிறது" என்பார் என்னிடம்.

மாத்திரை வழுக்கிக்கொண்டு போயிற்று. ரத்தக் கொதிப்பு மட்டும் இறங்கவில்லை. டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டுவதற்கு முன், "எதோடு சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டார். பதிலைக் கேட்டுவிட்டு, "ஒரு மாதம் வெறும் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்" என்றார். மறு மாதம் கொதிப்பு சற்று இறங்கியிருந்தது.

அந்தக் கேள்விக்குக் காரணம் உண்டு. 2005-ல் வெளியான ஓர் ஆய்வில், வேளைக்கு ஒரு தம்ளராக நாளைக்கு மூன்று வேளை ஆரஞ்சு ரசம் குடித்தவர்களுக்கு, ரத்தத்தில் சேர்ந்த அட்டெனலால் சுமார் 40 சதவீதம் குறைந்துபோயிற்று. ஆப்பிள் ரசமும் இந்த மருந்தைக் குறைக்கிறது.

குறைப்பது ஒரு ரகம் என்றால், கூட்டுவது இன்னொரு ரகம். கனடாவில் உள்ள லண்டன் நகரில் டேவிட் பெய்லி என்ற ஆராய்ச்சியாளர், 'ஃபெலோடிபின்' என்ற ரத்தக் கொதிப்பு மருந்தோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று சோதித்தார். மதுவின் ருசி தெரியாமலிருக்க 'கிரேப் ஃப்ரூட்' ரசத்தைக் கலந்தார். மருந்து ரத்தத்தில் எதிர்பாராத அளவுக்கு ஏறிவிட்டது! தம் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தபோது, குற்றவாளி மது அல்ல, பழரசம்தான் என்று தெரிந்தது. 1989-லும் 1991-லும் அந்த முடிவுகள் வெளியாயின.

பெயரில் திராட்சை இருந்தாலும் கிரேப் ஃப்ரூட் நம் பம்பளிமாஸின் வம்சம். சாதாரணமாக ஃபெலோடிபினில் பெரும் பகுதியைக் குடலிலும் கல்லீரலிலும் உள்ள ஒரு நொதி அழித்துவிடும். அதைக் கணக்கிட்டுத்தான் மாத்திரையின் அளவு வைத்திருக்கிறார்கள். இந்த ரசமோ குடலில் உள்ள நொதியை முடக்கிவிடுகிறது. காவல்காரன் தூங்கினால் கூட்டம் முழுவதும் உள்ளே நுழையாதா? கொதிப்பு ஒரேயடியாக இறங்கித் தலை சுற்றும். உடல் புதிதாக நொதியை உண்டாக்க ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். ஆகையால், காலையில் ரசம், ராத்திரி மாத்திரை என்று பிரித்து வைத்தும் பயனில்லை. பம்பளிமாஸிலும் இதே சரக்கு இருப்பதால், இத்தகைய மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதிலும் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது.

இளநீரின் கதை வேறு. அதில் பொட்டாசியம் அதிகம். 'எனலாப்ரில்', 'லோசார்டன்', 'டெல்மிசார்டன்' போன்ற மருந்துகள் உடலில் பொட்டாசியத்தைத் தங்க வைப்பவை. சிறுநீரகமும் பலவீனமாக இருந்து, இளநீரும் ஆரஞ்சு ரசமும் தாராளமாக உள்ளே போனால், இருதயத் துடிப்பே தாறுமாறாகலாம்.

எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்டு 5-ந் தேதி 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியது. ரத்தக் கொதிப்பு மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்தது. வாசல் வரை கொண்டுவருவது பிறர் வேலை. அதற்கு அப்புறம் அது எதோடு வயிற்றுக்குள் போகிறது என்பது நம் வீட்டுச் சமையலறையின் பொறுப்பு.

இதைப் படித்துவிட்டுப் பழக் கூடையைத் தெருவில் கொட்டிவிடாதீர்கள்! மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது இன்னும் பெரிய ஆபத்து. எல்லா மாத்திரைக்கும் எல்லாப் பழமும் பகையல்ல. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோய், "இதற்கு எந்தப் பழரசம் ஆகாது?" என்று கேளுங்கள். அதுவரையில் மாத்திரைக்குத் துணையாக ஒரு தம்ளர் பச்சைத் தண்ணீரையே அனுப்புங்கள். எந்த மருந்தோடும் வம்புக்குப் போகாத சாது அது!