நம்பத் தகாத உரையாசிரியர்

கதை சொல்பவர் உண்மையே சொல்கிறார் என்னும் நம்பிக்கையோடுதான் வாசகர் ஒரு நாவலைத் திறக்கிறார். அந்த நம்பிக்கையையே சோதித்துப் பார்க்கும் நாவல்களும் உண்டு. ரஷ்யாவில் பிறந்து, அமெரிக்காவில் குடியேறி, ஆங்கிலத்தில் எழுதிய விளாதிமிர் நபக்கோவ் 1962ஆம் ஆண்டு வெளியிட்ட 'பேல் ஃபயர்' அவற்றுள் ஒன்று. 'வெளிறிய நெருப்பு' என்பது அத்தலைப்பின் பொருள்.

தோற்றத்தில் இந்நூல் நாவலாகவே இல்லை. முன்னுரை, 999 அடிகள் கொண்ட நெடுங்கவிதை, அதற்கு விரிவான உரை, இறுதியில் சொல்லடைவு எனக் கவிதைப் பதிப்பொன்றைப் போலவே அமைந்துள்ளது. கவிதையை இயற்றியவர் ஜான் ஷேட் என்னும் முதிய கவிஞர். ஏனைய அனைத்தையும் எழுதியவர் அவருடைய அண்டை வீட்டுக்காரர் சார்லஸ் கின்போட். இருவருமே நபக்கோவ் படைத்த கற்பனை மாந்தர்.

ஷேட் தம் வாழ்வையும், இளம் வயதில் இறந்துபோன மகளையும், இறப்புக்குப் பின் ஏதேனும் உண்டா என்னும் கேள்வியையும் பாடுகிறார். உரையோ வேறு திசையில் செல்கிறது. செம்பிளா என்னும் தொலைதூர நாட்டிலிருந்து தப்பிய அரசனின் கதை கவிதையில் மறைந்திருப்பதாகக் கின்போட் சாதிக்கிறார். அந்த அரசர் தாமே என்பதையும் மெல்ல மெல்லப் புலப்படுத்துகிறார். கவிஞர் சுட்டுக் கொல்லப்பட்டதற்கும் அவரிடம் விளக்கம் உண்டு: அரசரைத் தேடி வந்த கொலையாளியின் குறி தவறிவிட்டதாம். ஆயினும் அவர் சொற்களின் இடுக்கு வழியே வேறோர் உண்மை தெரிகிறது. கின்போட் வாடகைக்குக் குடியிருந்தது ஒரு நீதிபதியின் வீட்டில். அந்த நீதிபதியால் தண்டிக்கப்பட்ட ஒருவன், காப்பகத்திலிருந்து தப்பி வந்து, ஆள் மாறிக் கவிஞரைச் சுட்டிருக்கலாம்.

இத்தகைய நூலில் வாசகரும் ஒரு துப்பறிவாளராகிறார். உரையைக் கவிதையோடு ஒப்பிடுகிறார். முன்னும் பின்னும் பக்கங்களைப் புரட்டுகிறார். சொல்லப்பட்டதைவிடச் சொல்லாமல் விடப்பட்டதைக் கவனிக்கிறார். கவிதையின் தலைப்பு ஷேக்ஸ்பியரின் 'ஏதென்ஸின் டைமன்' நாடகத்திலிருந்து வந்தது. அங்கே நிலவு கதிரவனிடமிருந்து திருடிய ஒளியையே அது குறிக்கிறது. கின்போட்டின் கையில் இருப்பதும் அதே நாடகம்தான். ஆனால் செம்பிளா மொழிபெயர்ப்பு. அதில் அத்தொடர் காணாமற்போனதால், தலைப்பின் மூலம் கையிலிருந்தும் அவர் அறியவில்லை. பிறர் ஒளியில் தாம் உலவுவதை அறியாத நிலவு அவர்.

இவ்வறியாமை நகைப்புக்கு உரியது. அதனினும் கொடியது பிறிதொன்று. மகளின் இறுதி இரவைத் தந்தை பாடும் பகுதி தேவைக்கு மேல் நீண்டுவிட்டதாகக் கின்போட் குறை கூறுகிறார். தம் கதையை மட்டுமே தேடும் கண்களுக்கு எதிரில் நிற்பவரின் துயரம் இடையூறாகத் தோன்றுகிறது. இங்கே அவர் பொய் சொல்லவில்லை, கேட்கத் தவறுகிறார்.

கின்போட் யார் என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் ஒருமித்த முடிவு இல்லை. எவராயினும், நாடும் நட்பும் இழந்த ஒரு மனிதரின் தனிமை அவர் புனைவுகளுக்கு அடியில் ஒலிக்கிறது. அவரது பொய்யைக் கண்டுபிடித்ததோடு நின்றுவிடும் வாசகர், ஷேட்டைக் கின்போட் படித்தது போலவே கின்போட்டைப் படித்தவராவார். அவர் தனிமையையும் கேட்பவரே நூலை முழுமையாக வாசித்தவர்.