விசையும் விரலும்

கருவி கைக்கு இணங்க வேண்டுமேயன்றி, கையைக் கருவிக்கு இணங்கச் செய்தல் முறையாகாது. கணினிக்கும் இது பொருந்தும்.

கார்டு, மோரன், நியூவெல் என்னும் அமெரிக்க அறிஞர் மூவர் 1980இல் ஒரு கணக்கை வெளியிட்டனர். கணினியில் ஒரு வேலையை முடிக்க மனிதனுக்கு எவ்வளவு நேரமாகும் என்பதை முன்கூட்டியே கணிக்கலாம் என்றனர். தேர்ந்த தட்டெழுத்தாளர் ஒரு விசையை அழுத்த ஏறத்தாழ 0.2 நொடி, கை விசைப்பலகையிலிருந்து சுட்டிக்குச் செல்ல 0.4 நொடி, அடுத்துச் செய்ய வேண்டியதற்கு உள்ளம் ஆயத்தமாக 1.35 நொடி. விரலைவிட உள்ளமே மிகுதியான காலத்தை வேண்டுகிறது என்பது இதனால் விளங்கும்.

நம் மொழியிலேயே இதற்கோர் நற்சான்று உண்டு. 1999இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டை ஒட்டி உருவாகி, அவ்வாண்டே தமிழக அரசு ஏற்றுக்கொண்டது 'தமிழ்99' விசைப்பலகை. பழைய தட்டச்சில் 'கொ' என எழுத, முதலில் கொம்பு, பிறகு ககரம், அதன்பின் கால் என மூன்று விசைகள். தமிழ்99இல் ககரமும் ஒகரமுமாக இரண்டே. 'அம்மா' என்பதில் மகரத்தை இருமுறை அழுத்தினால் முதல் மகரம் தானே புள்ளி பெறும். மெய்யை முன்வைத்து உயிரைச் சேர்ப்பது நாம் திண்ணையில் பயின்ற முறையன்றோ! அரபு எழுத்துக்கு ஸபர், ஸேர், பேஷ் கூட்டி ஓதிய நமக்கு அது புதிதாகவே தோன்றவில்லை. உள்ளத்தின் வழியறிந்து அமைத்த கருவி அது.

ஆயினும் அம்மூவரின் கணக்கு, பிழையின்றிச் செய்யும் கைதேர்ந்தவருக்கே உரியது. தாம்பரத்தில் ஒரு வங்கியின் பணம் வழங்கும் இயந்திரத்தின் முன் முதியவர் ஒருவர் நிற்கக் கண்டோம். திரையில் தோன்றிய வினாவைப் படித்து முடிக்குமுன் அது மறைந்து, அட்டை வெளியே வந்துவிட்டது. "பெரியவருக்குப் பழக்கமில்லை" என்றார் பின்னால் நின்ற இளைஞர். பெரியவரைத்தான் இயந்திரத்துக்குப் பழக்கமில்லை என்று நமக்குத் தோன்றியது. தம் பணத்தைத் தாமே எடுக்க இயலாதவர், பிறரிடம் இரகசிய எண்ணைச் சொல்ல நேர்கிறது. அங்கே இழப்பது சில நொடிகளை மட்டுமன்று.

ஓதிக்கொடுக்கும்போது விரைந்து ஓதும் மாணவனை நாம் அளவுகோலாகக் கொள்வதில்லை. கடைசி வரிசைப் பிள்ளையின் நா திருந்தும்வரை காத்திருக்கிறோம். நம் பிள்ளைகள் பலர் இன்று தென்சென்னை அலுவலகங்களில் இத்தகைய திரைகளை அமைக்கின்றனர். அவர்களுக்கு ஒன்று சொல்வோம்: அமைத்த திரையை உம்மாவிடமோ வாப்பாவிடமோ கொடுத்து, வாய் திறவாமல் அருகிலிருந்து பாருங்கள். அவர்கள் விரல் எங்கே தயங்குகிறதோ, அங்கே உங்கள் வேலை இன்னும் முடியவில்லை.