கணக்குப் போட்ட செயின்

200 கிலோமீட்டர் சைக்கிள் பயணம். பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கணும். வழியில் அட்டையில் முத்திரை வாங்கணும். உதவி வண்டி பின்னால் வரக்கூடாது.

சென்ற ஜனவரியில் நானும் போனேன், அப்பாவின் பழைய சைக்கிளில். (கியரா? மூச்!) கல்லணை தாண்டி, காவிரிக் காற்று, வாழைத்தோப்பு, ஜோராகத்தான் போனது. திருக்காட்டுப்பள்ளிக்கு முன்னால் செயின் அறுந்தது. செயின் டிரைவுக்குப் பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்ட மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு, வெறுங்கையோடு நின்றேன். மூன்று கிலோமீட்டர் தள்ளினேன்.

சைக்கிள் கடைப் பெரியவர் அறுந்த கண்ணியைக் கழற்றி, ஆணியடித்து, பின்சக்கரத்தை முன்னே நகர்த்தி, பத்தே நிமிடத்தில் முடித்தார். "என்ன தம்பி படிக்கிறே?"

"காமர்ஸ்" என்றுவிட்டேன்.

பதினெட்டு நிமிடம் தாமதம். அட்டை செல்லாது. அது போகட்டும், அந்தப் பொய்தான் உறுத்துகிறது. அடுத்த ஜனவரியில் மறுபடி போகிறேன். செயின் கழற்றும் கருவி வாங்கியாச்சு. ஆனாலும் அந்தக் கடையில் இறங்கணும்.